கறிக்கோழிக் கொட்டகையில் கேஸ் புரூடர், ஃபாகர் பராமரிப்பு: குஞ்சு இறங்கும் முன்பே பார்க்க வேண்டியவை

கோடையில் வெயில் சதமடித்த ஊர்களின் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் திருத்தணியின் பெயர் அதில் இருக்கும். கத்திரி வெயிலில் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. அதே ஊரில் மார்கழி மாதம், டிசம்பர் 31-ம் தேதி இரவு படித் திருவிழாவுக்குப் பக்தர்கள் மலையேறும் நாட்களில், மலையடிவாரக் கிராமங்களில் நல்ல பனி இறங்கும். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பகுதிகளில் கறிக்கோழி வளர்ப்பவர்கள் ஒரே கொட்டகையில் இந்த இரண்டையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. குஞ்சுக்குச் சூடு கொடுக்க கேஸ் புரூடர். வளர்ந்த கோழிக்குக் குளிர்ச்சி கொடுக்க மின்விசிறி, ஃபாகர்.

ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்களில் பெரும்பாலோருக்குக் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவை கம்பெனியிடமிருந்து வருகின்றன. கொட்டகை, கூலி, மின்சாரம், கேஸ் ஆகியவை பண்ணையாளரின் செலவு. எனவே புரூடர் சரியாக எரியாவிட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். கேஸ் கூடுதலாகச் செலவாகும். குஞ்சு இறந்தாலோ, எடை குறைந்தாலோ வளர்ப்புக் கூலியும் குறையும்.

சும்மா தொங்கும்போதுதான் கெடுகிறது

ஒரு பேட்ச் கறிக்கோழி சுமார் 40 நாட்கள் கொட்டகையில் இருக்கும். அதில் புரூடர் எரிவது முதல் 10 முதல் 14 நாட்கள் மட்டுமே. அதன் பிறகு அதை மேலே தூக்கிக் கட்டிவிடுகிறோம். அடுத்த பேட்ச் வரும் வரை ஒரு மாதத்துக்கும் மேல் அது தூசியிலும், இறகிலும், அம்மோனியாவிலும் தொங்குகிறது. அந்த நேரத்தில் காற்று நுழையும் குழாயில் சிலந்தி வலை கட்டுகிறது. ஜெட் துளையில் தூசி படிகிறது. கழிவிலிருந்து கிளம்பும் அம்மோனியா, பித்தளைப் பாகங்களை அரித்துப் பச்சை பூக்க வைக்கிறது.

ஃபாகரும் இப்படித்தான். மழைக்காலம், பனிக்காலம் முழுவதும் நிறுத்தி வைத்திருக்கும்போது, குழாயில் தங்கிய தண்ணீர் வற்றி, அதிலிருந்த உப்பு நாசிலில் கல்லாக இறுகிவிடுகிறது. பங்குனியில் மோட்டாரைப் போட்டால் பாதி நாசிலில் தண்ணீரே வராது, மீதியில் சொட்டும்.

கருவி பழுதானது, அது தேவைப்படும் இரவிலோ, மதியத்திலோதான் நமக்குத் தெரிய வருகிறது. அப்போது மெக்கானிக் கிடைக்கமாட்டார். பராமரிப்பு என்பது பழுதான பிறகு செய்யும் வேலை அல்ல. கொட்டகை காலியாக இருக்கும் நாட்களில் செய்யும் வேலை.

கோழி பிடித்தவுடன் முதல் வேலை

கோழி பிடித்து முடிந்ததும் கூளத்தை அள்ளி, கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். அதற்கு முன்பே புரூடர்களைக் கழற்றி வெளியே கொண்டுவந்துவிடுங்கள். தொங்கவிட்டபடியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் ஜெட்டிலும் பர்னரிலும் தண்ணீர் இறங்கும். கிருமிநாசினி பட்டால் உலோகப் பாகங்கள் துருப்பிடிக்கும். ஃபிளேம் கன் பயன்படுத்துபவர்கள் கூளத்தை முழுவதும் அகற்றிய பிறகே அதைப் பற்றவைக்க வேண்டும். அதன் டியூபையும் புரூடர் டியூபைப் போலவே பரிசோதிக்க வேண்டும்.

வெளியே எடுத்த புரூடரில் பார்க்க வேண்டியவை:

1. மென்மையான பிரஷ் கொண்டு தூசி, இறகைத் துடைக்கவும். செராமிக் தட்டு உள்ள புரூடரில் தட்டை அழுத்தித் தேய்க்கக் கூடாது. தட்டில் விரிசல் இருந்தால் மாற்ற வேண்டும்.

2. காற்று நுழையும் குழாயில் சிலந்தி வலை, குளவிக் கூடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும். பஞ்சர் கடையில் உள்ள காற்றடிக்கும் குழாயால் ஊதினாலே போதும்.

3. ஜெட்டில் அடைப்பு இருந்தால் ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தக் கூடாது. பலரும் செய்யும் தவறு இது. துளை சிறிது பெரிதானாலும் கேஸ் அதிகமாக வரும். அதற்கேற்ற காற்று வராது. சுடர் மஞ்சளாகி, கரி படியும். காற்றால் ஊதிச் சரியாகாவிட்டால் அதே அளவுள்ள புது ஜெட் வாங்கிப் போடுவதுதான் லாபம்.

4. தொங்கவிடும் சங்கிலி, கொக்கி துருப்பிடித்திருந்தால் மாற்றவும். நைலான் கயிறு கட்டக் கூடாது; சூட்டில் இளகி அறுந்துவிடும். கீழே இருப்பது நெல் உமி, நிலக்கடலைத் தோல், செய்தித்தாள். மேலே தென்னை ஓலைக் கூரை இருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

5. சுடர் அணைந்தால் தானாகக் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ள புரூடர்களில், அது வேலை செய்கிறதா என்று சோதிக்கவும். கொட்டகைக்கு வெளியே, திறந்த இடத்தில் புரூடரைப் பற்றவைத்துச் சில நிமிடம் எரியவிட்டு, சிலிண்டர் வால்வை மூடவும். சுடர் அணைந்து ஒரு நிமிடம் அளவில் வால்வு 'டக்' என்று மூடும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு சிலிண்டரைத் திறந்தால் பர்னரில் கேஸ் வரக் கூடாது. வந்தால், சுடருக்கு அருகில் உள்ள தெர்மோகப்பிள் கம்பியையோ வால்வையோ மாற்ற வேண்டும். அடிக்கடி அணைகிறது என்று இந்த வால்வைக் கட்டிப்போடுவது, இரவில் கேஸைத் திறந்துவிட்டுத் தூங்குவதற்குச் சமம்.

சுடரின் நிறம் சொல்லும் செய்தி

திறந்த சுடர் புரூடரில் சுடர் நீலமாக, சத்தமில்லாமல் எரிய வேண்டும். செராமிக் தட்டு புரூடரில் தட்டு முழுவதும் ஒரே சீராகச் செந்நிறத்தில் கனிய வேண்டும். ஒரு மூலை கருத்திருந்தால் அங்கே அடைப்பு அல்லது விரிசல். மஞ்சள் சுடர் நாக்கு நீட்டினாலோ, மேல் தகட்டில் கரி படிந்தாலோ காற்று போதவில்லை என்று பொருள். அப்போது கேஸ் வீணாவதோடு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் உண்டாகிறது.

1 கிலோ கேஸ் முழுமையாக எரிய சுமார் 12 முதல் 13 கன மீட்டர் காற்று தேவை. அப்படி எரியும்போது கிட்டத்தட்ட 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் சேர்கிறது. ஒரு நாளில் 10 கிலோ கேஸ் எரித்தால், கொட்டகைக்குள் ஒரு பெரிய குடம் அளவுக்கு, 16 லிட்டர் தண்ணீரை ஆவியாக விட்டதாகக் கணக்கு. படுதாவை இழுத்து மூடி வைத்த கொட்டகையில் காலையில் கூளம் நசநசவென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரக் கூளம் அம்மோனியாவைக் கிளப்பும். ரத்தக்கழிச்சலுக்கும் வழி விடும்.

எனவே பனி எவ்வளவு இருந்தாலும் படுதாவின் மேல்பக்கம் ஒரு அடி திறந்திருக்க வேண்டும். காற்று மேலே வந்து போகலாம். குஞ்சின் மீது நேராக அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கொட்டகைக்குள் படுக்கக் கூடாது

மார்கழி, தை மாதங்களில் குஞ்சைப் பார்த்துக்கொள்ள இரவு தங்குபவர்கள், குளிருக்கு இதமாக இருக்கிறது என்று புரூடர் எரியும் இடத்திலேயே படுத்துவிடுவது உண்டு. இதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. தூக்கத்திலேயே உயிர் போகலாம். கேஸ் கசிந்தால் வாசனை வரும், ஆனால் இந்த வாயு வந்தால் தெரியாது என்பதைக் கூலிக்கு வரும் ஆட்களிடமும் சொல்லி வையுங்கள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் தலை வலித்தாலோ, குஞ்சுகள் காரணமில்லாமல் சோர்ந்து தூங்கி வழிந்தாலோ உடனே வெளியே வந்து சிலிண்டரை மூடவும். வெளியில் இருந்தபடியே படுதாவை இறக்கிக் காற்றோட்டம் கொடுக்கவும். யாராவது மயங்கியிருந்தால் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும். படுக்க வேண்டுமானால் கொட்டகைக்கு வெளியே தனி இடம் அமைத்து, அலாரம் வைத்து எழுந்து பார்ப்பதே சரி.

சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப்

புரூடருக்கு 19 கிலோ வணிக சிலிண்டரைப் பயன்படுத்த வேண்டும். 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டுமே. அதைப் பண்ணையில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்.

சிலிண்டர் வாங்கும்போது அதன் கழுத்துப் பட்டையின் உள்பக்கம் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். உடன் இருக்கும் எண் ஆண்டைக் குறிக்கும். 'பி 27' என்று இருந்தால் 2027 ஜூன் வரை பயன்படுத்தலாம். அந்தக் கெடு முடிந்த சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். காலி சிலிண்டரின் எடையும் அதிலேயே எழுதியிருக்கும். எடை போட்டு வாங்கினால் கேஸ் முழுமையாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சிலிண்டரும் ரெகுலேட்டரும் கொட்டகைக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்திய நிலையில் இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் அம்மோனியா ரெகுலேட்டரை அரிக்கும்; தீ விபத்து நேர்ந்தால் மூடவும் முடியாது. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் இடத்துக்கு அருகில் சாக்கடை, குழி இருக்கக் கூடாது.

பி.ஐ.எஸ். முத்திரை உள்ள சுரக்ஷா டியூபையே வாங்கவும். அதை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆனால் கொட்டகையில் எலி கடிக்கும், வெயில் படும். வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் ஆண்டுக் கணக்கு பார்க்காமல் மாற்றிவிடவும்.

ஒவ்வொரு பேட்ச் தொடங்கும் முன்பும் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது. கசிவு நாற்றம் வந்தால் சிலிண்டரை மூடி, சுவிட்ச் எதையும் போடாமல், அணைக்காமல், கேஸ் கசிவு அவசர எண் 1906-ஐத் தொடர்பு கொள்ளவும். தீப்பிடித்தால் 101 அல்லது 112.

குளிர்ந்த இரவில் பல புரூடர்களை ஒரே சிலிண்டரில் ஓட்டினால் சிலிண்டரின் வெளிப்பக்கம் வியர்த்து, சுடர் சிறுத்துப் போகும். உள்ளே இருக்கும் திரவ கேஸ் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் குறைவதே காரணம். சிலர் இதற்கு வெந்நீர் ஊற்றுவார்கள். அடியில் நெருப்பு மூட்டுபவர்களும் உண்டு. இரண்டும் உயிருக்கு ஆபத்து. கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கைக் கொண்டு இரண்டு அல்லது மூன்று சிலிண்டர்களை ஒரே இணைப்பில் சேர்த்துக்கொள்வதே தீர்வு.

சூடு சரியா? குஞ்சைப் பாருங்கள்

குஞ்சு வருவதற்கு 24 மணி நேரம் முன்பே புரூடரைப் பற்றவைத்து, கூளம் அடிவரை சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். பழுது எதுவும் இருந்தால் சரிசெய்ய இந்த ஒரு நாள்தான் அவகாசம். தெர்மாமீட்டரை ஆள் உயரத்தில் மாட்டிப் பயனில்லை. கூளத்துக்கு 2 அங்குலம் மேலே, குஞ்சின் முதுகு உயரத்தில், புரூடரின் ஓரத்தில் வைக்க வேண்டும்.

முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைப்பது பொதுவான கணக்கு. ஆனால் சித்திரை, வைகாசியில் திருத்தணியில் பகல் காற்றே 95 டிகிரியைத் தாண்டிவிடும். பகலில் புரூடரை அணைத்து, இரவில் தேவைப்பட்டால் மட்டும் எரிக்க வேண்டியிருக்கும். மார்கழியில் பகலிலும் தேவைப்படலாம். புத்தகக் கணக்கைவிடக் குஞ்சின் நடத்தையே சரியான அளவுகோல்:

- புரூடருக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் சூடு போதவில்லை.
- விலகிப் போய், வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.
- ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்தில் காற்று அடிக்கிறது.
- வளையம் முழுவதும் பரவித் தின்று, குடித்து, படுத்திருந்தால் சூடு சரி.

சுடர் அணைந்துவிட்டால் உடனே பற்றவைக்கக் கூடாது. தரையோடு தேங்கிய கேஸ் பிடித்துக்கொள்ளும். வால்வை மூடி, 5 நிமிடம் காற்றோட்டம் கொடுத்து, வாசனை போன பிறகே பற்றவைக்கவும்.

ஃபாகர், மின்விசிறி: மாசியிலேயே தயார் செய்யுங்கள்

தண்ணீர் ஆவியாகும்போது காற்றில் உள்ள சூட்டை எடுத்துக்கொள்கிறது. 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். 1 கிலோ கேஸ் தரும் வெப்பம் கிட்டத்தட்ட 11,000 கிலோ கலோரி. அதாவது 1 கிலோ கேஸ் கொடுத்த சூட்டை விரட்ட 19 லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். கவனிக்க வேண்டிய சொல் 'ஆவியாக' என்பதுதான். சொட்டிக் கூளத்தில் விழும் தண்ணீர் குளிர்ச்சி தராது, நோயைத்தான் தரும்.

எனவே ஃபாகரில் வருவது புகை போன்ற பனித்துளியாக இருக்க வேண்டும். நாசிலுக்கு நேர் கீழே உள்ள கூளத்தைக் கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் நாசிலில் உப்பு அடைத்திருக்கிறது, அல்லது மோட்டாரில் அழுத்தம் குறைந்திருக்கிறது.

நாசில்களைக் கழற்றி எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறவைத்துக் கழுவினால் உப்பு கரையும். அதே வாளியில் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக் கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவவும். குழாயின் கடைசி மூடியைத் திறந்து, தேங்கிய கசடை வெளியேற்றவும். கோடை முடிந்து நிறுத்தும்போது குழாயில் இருக்கும் தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டால், அடுத்த ஆண்டு பாதி வேலை மிச்சம்.

மின்விசிறி இறக்கையில் படிந்த தூசி காற்றின் வேகத்தைக் குறைக்கும். மின்கட்டணம் மட்டும் குறையாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இறக்கை, வலை, மோட்டாரின் காற்றுத் துளைகளைத் துடைக்கவும். பெல்ட் உள்ள விசிறியில் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கு இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்திருந்தால் இறுக்க வேண்டும். கூலிங் பேட் வைத்திருப்பவர்கள் தினமும் இரவில் பேடை முழுவதும் காயவிட வேண்டும், பாசி பிடிக்காது. தொட்டித் தண்ணீரையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். தண்ணீர் ஆவியாக ஆவியாக, மிச்சமிருக்கும் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஃபாகரை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதும் முக்கியம். சென்னைக்கு மதியமே வந்துவிடும் கடற்காற்று, உள்ளே தள்ளி இருக்கும் திருத்தணிக்கு வந்து சேர மாலையாகிவிடும். அதுவரை வீசுவது வறண்ட மேல்காற்று. அந்த நேரத்தில் ஃபாகர் நன்றாக வேலை செய்யும். கடற்காற்று வந்து புழுக்கம் தொடங்கியபின் ஃபாகரை ஓட்டினால் கோழி இன்னும் திணறும். அப்போது விசிறி மட்டும் போதும்.

இதை அறிய எளிய வழி உண்டு. இரண்டு தெர்மாமீட்டர்களை அருகருகே மாட்டி, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 5 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 9 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறைந்துவிட்டால் ஃபாகரை நிறுத்தலாம். மற்ற நேரத்திலும் தொடர்ந்து ஓட்டாமல், சில நிமிடம் ஓட்டிச் சில நிமிடம் நிறுத்துவது நல்லது.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை விசிறி, மோட்டாரை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மே மாத மதியத்தில் கரண்ட் போன பிறகு பேட்டரி இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

எப்போது எதைச் செய்வது?

ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும்: புரூடரைக் கழற்றிச் சுத்தம் செய்தல், ஜெட், காற்றுக் குழாய், சங்கிலி பார்த்தல், துணியோ பழைய தீவனச் சாக்கோ கொண்டு மூடி உலர்ந்த இடத்தில் வைத்தல்.

குஞ்சு வர 5 நாள் முன்: பாதுகாப்பு வால்வு சோதனை, சோப்பு நுரை சோதனை, சிலிண்டர் கையிருப்பு.

குஞ்சு வர ஒரு நாள் முன்: முழுக் கொட்டகையிலும் பற்றவைத்துச் சுடர் நிறம், கூளத்தின் சூடு பார்த்தல்.

மாசி மாதம்: ஃபாகர் நாசில், விசிறி, மோட்டார், ஜெனரேட்டர்.

ஐப்பசி மாதம்: டியூப், ரெகுலேட்டர், படுதா, ஓலைக் கூரையில் ஓட்டை.

ஒரு நோட்டில் தினமும் எத்தனை கிலோ கேஸ் செலவானது, எத்தனை குஞ்சு இருந்தது என்று எழுதி வாருங்கள். சென்ற மார்கழியில் 1,000 குஞ்சுக்கு ஆன கேஸைவிட இந்த மார்கழியில் அதிகம் ஆனால், கண்ணுக்குத் தெரியாத கசிவோ, ஜெட் தேய்மானமோ இருக்கிறது என்று அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும்.

கோழி வளர்ப்பு தொடர்பான பயிற்சி, ஆலோசனைக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் மையத்தையும் அணுகலாம். ரெகுலேட்டர், வால்வு, சிலிண்டர் இணைப்பு போன்ற வேலைகளைக் கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கிடம் மட்டுமே ஒப்படைக்கவும். மற்றவை எல்லாம் பிரஷ், டார்ச், சோப்பு நுரை, அரை நாள் நேரம் இருந்தால் பண்ணையாளரே செய்யக்கூடியவை.